நம்ப வேண்டாம் என்று நான் சொன்ன சத்தம்

சர்க்கரை அளவைக் காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டுவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லித்தரப் போவதில்லை. பெட்டிக்குள்ளேயே படம் போட்ட தாள் இருக்கிறது. கம்பெனிக்காரர் வந்து பொம்மைக் கையில் ஒட்டிக் காட்டிவிட்டுப் போயிருப்பார். போதாததற்கு போன் முழுக்க வீடியோ. மேல்கையின் பின்பக்கம், சதைப்பற்றான இடமாகப் பார்த்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, காயவிட்டு, ஒரே அழுத்து. இரண்டு நிமிஷ வேலை. அந்த இரண்டு நிமிஷ வேலையில் நான் சறுக்கியதைத்தான் எழுதப்போகிறேன். ஆவடியில் ஒரு சர்க்கரை நோய் கிளினிக்கில் முப்பத்தோரு வருஷம் நர்ஸாக இருந்தேன். கடைசிப் பத்து வருஷம், நோயாளிகளுக்கு ஊசியும் சாப்பாடும் சென்சாரும் சொல்லிக்கொடுக்கிற நாற்காலி. இப்போது நீங்கள் உட்காரப்போகிற அதே நாற்காலிதான். போன வருஷம் எழுந்துவிட்டேன். முழங்கால் போய்விட்டது. பொறுமை அதற்கு முன்பே போய்விட்டது.

நாணயம் மாதிரி ஒரு வட்டம், அதன் அடியில் தோலுக்குள் போகும் முடி மாதிரி மெல்லிசான கம்பி, சில நிமிஷத்துக்கு ஒருமுறை போனுக்கு வந்து சேரும் ஒரு எண். பார்க்க அவ்வளவுதான். ஆனால் அதைப் போட்டுக்கொள்கிறவர்கள் செய்கிற கூத்து இருக்கிறதே! ஒரு அம்மா, காலையில் தேங்காயெண்ணெய் தேய்த்துக் குளித்த கையோடு வந்து ஒட்டிக்கொண்டு போனார். சாயங்காலம் அது பூந்தமல்லி பஸ்ஸில் யாரோ ஒருவர் புடவையில் ஒட்டிக்கொண்டு போய்விட்டது. எண்ணெய் போட்டீர்களா என்று கேட்காதது என் தப்பு, அதனால் திட்டவும் முடியவில்லை. அயப்பாக்கம் பக்கம் அடுக்குமாடியில் இருந்த ஐ.டி. தம்பி ஒருவர் நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்துப் பார்த்து, இட்லியைக் கண்டாலே பயப்பட ஆரம்பித்துவிட்டார். "அது உங்க கையில ஒட்டின மெஷின் தம்பி, உங்க மாமியார் இல்ல, ஒவ்வொரு வாய்க்கும் பதில் சொல்லிக்கிட்டு இருக்காதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். வேர்வையில் ஓரம் பெயர்ந்தது, அரிப்பு, சட்டை மாட்டும்போது கழன்றது, கதவு நிலையில் இடித்துப் பிய்ந்தது, இதெல்லாம் தினப்படி. இதற்கெல்லாம் வழி உண்டு, நீங்களே கற்றுக்கொள்வீர்கள். சேகர் விஷயம் அப்படியில்லை.

சேகர் பள்ளி வேன் டிரைவர். நாற்பத்தாறு வயது, சேக்காட்டில் வீடு. மாத்திரைக்குச் சர்க்கரை அடங்காமல் டாக்டர் அவருக்கு ஊசி ஆரம்பித்திருந்தார். காலையில் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் ஒன்று. ஊசி போட்டதிலிருந்து சர்க்கரை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். இறங்கும்போது மற்றவர்களுக்குப் படபடப்பு வரும், வேர்க்கும், பசிக்கும். இவருக்கு அந்த அறிகுறிகள் சரியாகத் தெரியவில்லை. அதுதான் டாக்டருக்குப் பயம். "சென்சார் போடுங்க. அதுவரைக்கும் ஸ்கூல்ல விஷயத்தைச் சொல்லிடுங்க, வண்டி ஓட்ட வேண்டாம்" என்று அவரிடம் என் எதிரிலேயே சொன்னார். சேகர் தலையை ஆட்டினார். சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். முப்பது வருஷமாகத் தலையாட்டல்களைப் பார்த்தவள் நான். ஆனால் வெளியே இருபது பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். அது அவர் பாடு, பள்ளிக்கூடத்துப் பாடு என்று விட்டுவிட்டேன். இதை முதல் தப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அவருடைய மகள் சென்சார் வாங்கிக் கொடுத்தாள், போனில் எல்லாவற்றையும் ஏற்றியும் கொடுத்தாள். ஒரு திங்கட்கிழமை சேகர் வந்தார். கூடவே வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் ஆயாம்மா கன்னியம்மாவும் வந்தார், கோவில்பதாகைக்காரி. சேகர் ஊசி போடுவது பள்ளியில் அவர் ஒருவருக்குத்தான் தெரியும்.

"ஓட்டும்போது இவுரு போனைத் தொடக்கூடாது ஸிஸ்டரு. அதான் போனு எங்கையில இருக்கும். கீச்சுகீச்சுனு கத்துச்சின்னா இன்னா பண்ணணும், அத்த மட்டும் எனக்குச் சொல்லு" என்றார் கன்னியம்மா.

எழுபதுக்குக் கீழே போனால் கத்தும், உடனே வண்டியை ஓரம் கட்டச் சொல்லி இனிப்பாக எதையாவது குடிக்கக் கொடு என்றேன். பிறகு சேகரிடம் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். எந்தப் பக்கம் ஒருக்களித்துத் தூங்குவீர்கள்? இடது பக்கம் என்றார். அப்படியானால் வலது கை. ஏன் கேட்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். சென்சார்மேல் உடம்புப் பாரம் ஏறினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைந்து, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும். பொய்யாகக் கத்தும். தூங்குகிற பக்கத்தைக் கேட்டேன், வலது கையில் ஒட்டினேன், அனுப்பிவிட்டேன். எல்லாம் புத்தகத்தில் சொன்னபடி.

வெள்ளிக்கிழமை இரண்டு பேரும் திரும்பி வந்தார்கள். கன்னியம்மாவுக்குக் கோபம்.

"இன்னா ஸிஸ்டரு, டெய்லி மத்தியானம் கத்துது! நானும் கம்மர்கட்டத் திணிக்கிறேன், ஜூஸு ஊத்துறேன். இவுரு இன்னாடான்னா எனக்கு ஒண்ணியும் இல்ல, நல்லா கீறேன்னு என்னிய முறைக்கிறாரு."

போனில் சர்க்கரை ஏறி இறங்குவதைக் காட்டும் கோட்டைப் பார்த்தேன். மூன்று நாள், மூன்று பள்ளம். ஒவ்வொன்றும் கத்தியால் வெட்டியது மாதிரி சட்டென்று கீழே விழுந்து, சட்டென்று மேலே வந்திருந்தது. அழுத்தத்தால் வரும் பள்ளம் அப்படித்தான் இருக்கும். மத்தியானத்தில் எப்படி அழுத்தம் என்று விசாரித்தால், காலை டிரிப் முடிந்து சாப்பிட்டானதும் சேகர் வேனிலேயே டிரைவர் சீட்டில் உட்கார்ந்தபடி வலதுபக்கக் கதவில் சாய்ந்து ஒரு தூக்கம் போடுகிறாராம். இடது பக்கம் சாய கியர் இடிக்கும். இந்த ஊரில் எத்தனை வேன், எத்தனை லாரி மரத்தடியில் நிற்கிறது, அத்தனை டிரைவர்களும் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குகிறார்கள், தினம் பார்த்துக்கொண்டு போகிறவள்தான் நான். ராத்திரித் தூக்கத்தைக் கேட்டேனே தவிர பகல் தூக்கத்தைக் கேட்கவில்லை.

ஒட்டியதைப் பிய்த்து இன்னொரு கையில் ஒட்ட முடியாது. புதிதுதான் போடவேண்டும். இன்னும் பத்து நாள் ஓடக்கூடியதை எடுத்துக் குப்பையில் போடச் சேகருக்கு மனம் வரவில்லை, எனக்கும் சொல்ல மனம் வரவில்லை. அன்றைக்குக் காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தேன். சீக்கிரம் முடித்து அனுப்பவேண்டும் என்பதுதான் நினைப்பு. அப்போது நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுகிறேன்.

"மத்தியானத்துல வர்ற சத்தத்தை நம்பாதீங்க. அது பொய்யி. அமத்திட்டு வேலையைப் பாருங்க."

விரலில் குத்தி ஒரு தடவை சரிபார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். தூங்கும்போது வந்தால் ஒன்று, ஓட்டும்போது வந்தால் வேறு என்று பிரித்துச் சொல்லியிருக்கவேண்டும். நான் ஒரு நேரத்தையே பொய் என்று ஆக்கி அனுப்பினேன். புலி வருது கதை நமக்கெல்லாம் தெரியும். அந்தக் கதையில் பொய் சொல்கிறவன் ஒரு பொடியன். இங்கே பொய் என்று சொன்னது வெள்ளை உடுப்புப் போட்ட நான். கன்னியம்மாவுக்கு நிம்மதியாகிவிட்டது. "நீ சொல்ட்டல்ல, அப்ப சரி" என்று எழுந்து போனார்.

அடுத்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. நம் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும், அரைமணி நேரத்தில் தெரு எது கால்வாய் எது என்று தெரியாது. பன்னிரண்டரை மணிக்குப் பள்ளியில் லீவு விட்டுவிட்டார்கள். சேகர் அப்போதுதான் மதிய ஊசியைப் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறார். உடனே வண்டியை எடு, தண்ணீர் ஏறுவதற்குள் பிள்ளைகளை விட்டுவிட்டு வா என்று சொல்லவும், பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். ஊசி உள்ளே, சோறு பாக்ஸுக்குள்ளே.

எனக்குப் போன் வந்தபோது ஒரு மணி தாண்டியிருக்கும். கன்னியம்மா தன் பட்டன் போனிலிருந்து பேசினார். பின்னால் பிள்ளைகள் கூச்சல், மழைச் சத்தம்.

"ஸிஸ்டரு, கத்துதும்மா. அறுவத்தி ரெண்டுன்னு போட்டுக்கீது, அம்புக்குறி நெட்டுக்குத்தலா கீழ பாத்துக்கினு கீது. மத்தியானந்தான், பொய்யினு சொன்ன நீ. இவுரும் பொய்யின்றாரு. இருந்தாலும் மனசு கேக்கல, அதான் போட்டேன்."

"ஓட்டிக்கிட்டு இருக்காரா?"

"ஆமா, கோயில்பதாகை ரோட்டாண்ட. தண்ணி முட்டிக்கா அளவுக்கு நிக்கிது. ஊர்ந்துகினு போறோம்."

ஓட்டிக்கொண்டிருக்கிறவர் கதவில் சாய்ந்திருக்கமாட்டார். இது எனக்குச் சட்டென்று உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. மழையில் ஜன்னல் பக்கம் ஒதுங்கி, எட்டிப்பார்த்து ஓட்டினால் கை கதவில் பட்டிருக்கலாமே என்று என் பேச்சுக்கு நானே முட்டுக் கொடுத்தேன். தப்பு செய்தவள் முதலில் தேடுவது தன் தப்பை மூடுகிற துணியைத்தான். "வேர்த்திருக்கா பாருங்க, கை நடுங்குதா பாருங்க" என்றேன்.

"முழுக்க நனைஞ்சி கீறாரு, வேர்வையா மழையான்னு நான் இன்னாத்தக் கண்டேன்? நடுங்கத்தான் நடுங்குறாரு, நானுந்தான் நடுங்குறேன். குளிருது ஸிஸ்டரு!"

நமக்குத் தெரிந்த எல்லா அடையாளத்தையும் மழை வாங்கிக்கொண்டுவிட்டது. போனைச் சேகர் காதில் வைக்கச் சொன்னேன். அதுவரை என்னிடம் "சரிங்க ஸிஸ்டர்" தவிர வேறு பேசாத மனிதர், "உனுக்கு வேற வேலை இல்லயா? வைம்மா போனை" என்றார். அந்தக் கோபம் அவருடையது இல்லை. சர்க்கரை மூளைக்குப் போகாதபோது சாதுவான ஆட்கள் சண்டைக்கு வருவதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆனாலும் மழை, நெரிசல், வண்டிக்குள் கத்தும் பிள்ளைகள். நல்ல மனுஷனுக்கும் கோபம் வரும்தானே? ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"கன்னியம்மா, அடுத்து எந்தப் பிள்ளை இறங்கணும்னு அவரைக் கேளு."

கேட்டார். சேகருக்கு அது மனப்பாடம். எந்த வீட்டில் நாய், எந்தப் பாட்டிக்குக் காது கேட்காது, எல்லாம் சொல்லக்கூடியவர். போனில் அவர் குரல் லேசாகக் கேட்டது. "திவ்யா."

கன்னியம்மாவின் குரல் இறங்கிப்போயிற்று. "திவ்யாவ சேக்காட்லயே எறக்கி உட்டாச்சி ஸிஸ்டரு."

"நிறுத்து. வண்டியை உடனே நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினேன். டாக்டர் அறையிலிருந்து எட்டிப்பார்த்தார்.

சொன்னால் நிறுத்துகிற நிலையில் சேகர் இல்லை. இரண்டு தடவை சொல்லியும் அவர் காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு கன்னியம்மா செய்ததை நான் சொல்லிக்கொடுக்கவில்லை, எனக்குத் தோன்றியும் இருக்காது. "டைவரே, பாப்பா வாந்தி எடுக்குது! வண்டில எடுக்கப் போவுது!" என்று ஒரு போடு போட்டார். பள்ளி வேன் ஓட்டுகிறவர்களுக்கு அது போதும். புத்தி வேலை செய்யாவிட்டாலும் கால் செய்யும். பிரேக் பிடித்த சத்தம் எனக்கே கேட்டது. கன்னியம்மா இரண்டு சீட்டுக்கு நடுவில் கையை விட்டுச் சாவியைத் திருகிப் பிடுங்கி, ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டார். வண்டிக்குள் பதினாலு பிள்ளைகள் இருந்தார்கள். சாலையோரம் கால்வாய் நிரம்பி ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார்.

பிள்ளைகளிடம் என்ன இருக்கிறது என்று கேட்டேன். சாக்லேட் இருக்கிறது என்றார். சாக்லேட் வேண்டாம், கொழுப்பு சேர்ந்தது, மெதுவாகத்தான் ஏறும், ஜூஸ் இருந்தால் கொடு என்றேன். யாரோ ஒரு குழந்தை பையிலிருந்து மாம்பழ ஜூஸ் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தது. சேகர் தட்டிவிட்டார். இரண்டாவது பாக்கெட்டைக் கன்னியம்மா தாடையைப் பிடித்துக் குடிக்க வைத்தார்.

ஐந்து நிமிஷம் கழித்துக் கன்னியம்மா அலறினார். "இன்னும் எறங்குது ஸிஸ்டரு! நாப்பத்தெட்டுன்னு காட்டுது!"

"அதைப் பார்க்காத. அது ரத்தத்துக்குப் பத்து நிமிஷம் பின்னாடியே வரும். அவர் மூஞ்சியைப் பாரு. அவரைப் பேசச் சொல்லு."

கொஞ்ச நேரம் மழை மட்டும் கேட்டது. பிறகு சேகர் குரல். "வாந்தி எடுத்த பாப்பா எது ஆயாம்மா? அத்த முன்னாடி ஒக்கார வையி." அப்போதுதான் நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை.

சாவியைக் கொடுக்காதே, பள்ளிக்குப் போன் செய்து வேறு வண்டி அனுப்பச் சொல் என்றேன். கன்னியம்மா இன்ஜினில் தண்ணீர் ஏறிவிட்டது என்று பள்ளியில் சொல்லிவிட்டார். வேறு வண்டி வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிற்று. அந்தப் பொய் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை, டாக்டரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை.

மறுநாள் மழை விட்டிருந்தது. இரண்டு பேரும் வந்தார்கள். சேகர் என் கண்ணைப் பார்க்கவில்லை. நான் போனை வாங்கிக் கோட்டைத் திறந்தேன். முதலில் நேற்றைய பள்ளம். சரிவாக, மெல்ல மெல்ல இறங்கிப் போயிருந்தது. அழுத்தத்தால் வருவது அப்படி இருக்காது. பிறகு விரலால் பின்னால் தள்ளினேன். செவ்வாய்க்கிழமை அதே மாதிரி ஒரு சரிவு. திங்கட்கிழமை இன்னொன்று. இரண்டும் மூன்றே முக்காலிலிருந்து நாலேகால் வரை.

"திங்கக்கிழமையும் செவ்வாக்கிழமையும் நாலு மணிக்கு வேன் எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குப் பதில் தெரியும்.

கன்னியம்மா மெதுவாகச் சொன்னார். "ரோட்லதான் ஸிஸ்டரு. புள்ளைங்கள ஏத்திகினு. அப்பவும் கத்துச்சி. சோத்துக்கு அப்பறம் கத்துறதெல்லாம் பொய்யின்னு நெனச்சிகினேன், நீதான் அமத்திட்டு வேலயப் பாருன்னியே. அமத்திட்டேன். திங்கக்கிழம ஒரு டிவைடர்ல லேசா உரசினாரு. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

அவர் குற்றம் சொல்லவில்லை. நடந்ததைத்தான் சொன்னார். வியாழக்கிழமை அவர் எனக்குப் போன் செய்ததால் நான் பதினாலு பிள்ளைகளைக் காப்பாற்றிவிட்டேன் என்று முந்தின நாள் சாயங்காலம் வீட்டில் காப்பி குடித்தபடி நினைத்துக்கொண்டேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். திங்களும் செவ்வாயும் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியது யார் என்று எனக்குத் தெரியாது. நான் இல்லை. கன்னியம்மா என் பேச்சைக் கேட்காத ஒரே நாளில்தான், அதிர்ஷ்டத்தை நம்பாமல் எல்லோரும் பிழைத்தார்கள்.

"தப்பு என்மேலதான் சேகர். நான் சொன்னது தப்பு" என்றேன். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நோயாளியிடம் நான் இதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லவேண்டிய சந்தர்ப்பம் அதற்கு முன்பு வரவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

சேகர் இடது கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினார். பிறகு, "இப்ப இன்னா பண்ணலாம் ஸிஸ்டர்? வேற கைல ஒட்டிக்கிறேன். விரல்ல குத்திப் பாத்துக்கிறேன். சாப்ட்டுட்டுதான் ஊசி போடுவேன். ஆயாம்மா பாத்துக்கும். ஓட்டலாந்தானே?" என்றார்.

சாப்பிடுகிறோம் என்பது உறுதியாகாமல் ஊசியைத் தொடவே கூடாது என்று சொன்னேன். இடது கையில் புதிது ஒட்டலாம், ஒரு மாதம் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றுவார், அதுவரை ஓட்டவேண்டாம், பள்ளியில் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னால் வேலை போய்விடும் என்றார். போகலாம் என்றேன். மகள் கல்யாணம் பேசி முடித்திருக்கிறது என்றார். டாக்டரிடமிருந்து பள்ளிக்கு ஒரு கடிதம் போகவைக்க என்னால் முடியும், அவர் தானாகச் சொல்லாவிட்டால் அதைச் செய்வதாகவும் இருந்தேன். ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கிற மனிதரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு அலுப்பாக இருந்தது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் எதையாவது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே அலுத்துப்போன வாய் அது.

அப்போது அவர்தான் கேட்டார். "உங்க ஊட்ல ஸ்கூல் போற கொயந்த இருக்கா ஸிஸ்டர்?"

"பேத்தி இருக்கா. ரெண்டாவது படிக்கிறா."

"நாளைக்கி என் வண்டில அனுப்புவீங்களா?"

கன்னியம்மா என்னைப் பார்த்தார். இல்லை என்று சொல்லாமல் சுற்றி வளைக்க எனக்கு ஆயிரம் வழி தெரியும், அதுதான் என் தொழில்.

"மாட்டேன்" என்றேன்.

சேகர் தலையை ஆட்டினார். இந்தத் தடவை அது உண்மையான தலையாட்டல். எழுந்து, கன்னியம்மாவிடம் கையை நீட்டி, நேற்றிலிருந்து அவர் கொடுக்காமல் வைத்திருந்த சாவியை வாங்கிக்கொண்டார். "நானே குட்த்துட்டு வரேன் ஆயாம்மா" என்று சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தைப் பார்க்க நடந்தே போனார்.

பள்ளியில் அவருக்கு வேறு வேலை கொடுக்கவில்லை. பிறகு ஒரு குடோனில் கேட்டில் உட்கார்ந்தார், சம்பளம் பாதி. என்னிடம் அவர் கேட்ட கேள்வியை, முதல் நாள் அவர் தலையாட்டியபோதே நான் எனக்குள் கேட்டிருந்தால், அவருக்கு வேலை எப்படியும் போயிருக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் அந்தத் திங்களும் செவ்வாயும் வேறு யாராவது ஓட்டிய வண்டியில் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.